94-இல் நின்றுபோகும் இணையம்: ஒரு கம்பியின் ஐம்பதாண்டுக் கதை

நம் குடியிருப்பில் பல வீடுகளில் இப்போது 200, 300 எம்பிபிஎஸ் பிளான் வந்துவிட்டது. மாதக் கட்டணமும் அதற்கேற்பப் போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் கணினியில் ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 93, 94 என்று காட்டி அங்கேயே நின்றுவிடுகிறது என்ற புகாரை லிஃப்டிலும் வாட்ஸ்அப் குழுவிலும் அடிக்கடி கேட்கிறேன். இணைப்பு கொடுத்தவர்களைக் கூப்பிட்டால் "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு சார், உங்க வீட்டு வயரிங்கைப் பாருங்க" என்கிறார்கள். வயரிங் பார்க்க வருபவர் சுவரைக் கொத்த வேண்டும் என்கிறார். ஒன்றிரண்டு வீடுகளுக்கு எஸ்டிமேட்டும் கைக்கு வந்துவிட்டது.

அந்த எஸ்டிமேட்டுக்குச் சரி சொல்லும் முன் இந்தக் கட்டுரையை ஒருமுறை படித்துவிடுங்கள். கொஞ்சம் பழைய கதையாக இருக்கும். ஆனால் உங்கள் வீட்டு வேகம் 94-இல் நிற்பதற்கான காரணம் அந்தப் பழைய கதைக்குள்தான் இருக்கிறது.

முதலில் அந்த 94 என்ற எண்ணைப் பார்ப்போம். அது ஏன் 80 ஆகவோ 110 ஆகவோ இல்லை? கம்பியில் தகவல் பொட்டலம் பொட்டலமாகப் போகிறது. ஒரு பொட்டலத்தின் உள்ளே 1500 பைட் வைக்கலாம். அதைச் சுற்றி முகவரி, சரிபார்ப்பு எண், முன்னறிவிப்பு, அடுத்த பொட்டலத்துக்கு முன் விட வேண்டிய இடைவெளி எல்லாம் சேர்ந்து இன்னும் 38 பைட். ஆக, கம்பியில் செலவாகும் இடம் 1538. உள்ளே வைத்த 1500-லும் 52 பைட் வரை வேறு முகவரிகளுக்கும் நேரக் குறிப்புக்கும் போய்விடும். மிச்சம் 1448. இதை 1538-ஆல் வகுத்தால் 94 சதவீதத்துக்குச் சற்று மேல் வரும். சம்பளத்தில் பிடித்தம் போகக் கைக்கு வருவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பியின் வேகம் 100 என்றால் கைக்கு வருவது 94. கம்பியின் வேகம் 1000 என்றால் கைக்கு வருவது 940.

அதனால் 300 பிளான் வைத்திருப்பவருக்குக் காலையும் மாலையும் ஒரே மாதிரி 94 வந்தால், வழியில் ஏதோ ஓரிடத்தில் ஒரு கம்பி 100-இல் ஓடுகிறது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். ஒரு முறை 60, ஒரு முறை 180, இன்னொரு முறை 220 என்று ஏறி இறங்கினால் அது வேறு வியாதி. பெரும்பாலும் வைஃபை. இந்தக் கட்டுரை முதல் வகைக்கு.

நம்மில் சிலர், குறிப்பாக வீட்டிலிருந்து வேலை பார்க்கும் இளைஞர்கள், இணைப்பு நிறுவனம் தரும் பெட்டிக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு சின்னக் கணினியை ஃபயர்வால் ரூட்டராக வைத்திருக்கிறார்கள். பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் போன்ற இலவச மென்பொருளை அதில் போட்டு, பிள்ளைகள் பார்க்கும் தளங்களைக் கட்டுப்படுத்துவது, சிசிடிவி கேமராக்களைத் தனியாகப் பிரித்து வைப்பது எல்லாம் செய்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பெட்டியில் குறைந்தது இரண்டு நெட்வொர்க் கார்டு உண்டு. ஒன்று வெளியே பார்ப்பது, மற்றது வீட்டுக்குள் பார்ப்பது. ஒவ்வொன்றும் தன் எதிரில் இருக்கும் பெட்டியோடு தனித்தனியாக வேகத்தைப் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். இரண்டு பேச்சுவார்த்தையில் ஒன்று சறுக்கினாலும் வீடு முழுவதும் மெதுவாகிவிடும்.

ஆமாம், பேச்சுவார்த்தை. இந்த விஷயத்தில் ஒருவர் விளங்கிக்கொள்ள வேண்டியது அது ஒன்றுதான். கம்பியைச் செருகியதும் வேகம் தானாக அமைவதில்லை. இரண்டு முனையிலும் இருக்கும் கார்டுகள் சில விநாடிகள் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வருகின்றன. நாம் பார்க்கும் கோளாறுகளில் பெரும்பாலானவை அந்த உடன்பாடு கெட்டதால் வருபவை. கம்பிக்கு எப்போது வாய் முளைத்தது என்பதுதான் கதை.

1973-இல் கம்பிக்கு வாய் இல்லை, தேவையும் இல்லை. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோ நகரில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடம் இருந்தது. நகல் எடுக்கும் இயந்திரம் விற்ற அதே ஜெராக்ஸ்தான். அங்கே ஆல்ட்டோ என்ற மேசைக் கணினியை உருவாக்கியிருந்தார்கள். அந்தக் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பொறுப்பு ராபர்ட் மெட்காஃப் என்ற இளைஞரிடம் வந்தது. அந்த ஆண்டு மே 22-ஆம் தேதி அவர் எழுதிய அலுவலகக் குறிப்பில்தான் ஈதர்நெட் என்ற யோசனை வருகிறது. டேவிட் பாக்ஸ் என்பவரோடு சேர்ந்து அதைச் செய்தும் காட்டினார். ஹவாய்த் தீவுகளுக்கிடையே வானொலி அலையில் கணினிகளை இணைத்த அலோஹாநெட் என்ற முயற்சியிலிருந்து எடுத்து அவர் மேம்படுத்திய விதி எளிமையானது. எல்லோருக்கும் பொதுவாக ஒரே கம்பி. பேசும் முன் வேறு யாராவது பேசுகிறார்களா என்று கேள். இருவர் ஒரே சமயத்தில் பேசிவிட்டால் இருவரும் நிறுத்திவிட்டு, ஆளுக்கொரு கால அளவு காத்திருந்து மறுபடி ஆரம்பி. நம் பொதுக்குழுக் கூட்டத்தில் இந்த விதியைக் கொண்டுவரலாம் என்று எனக்கு ஓர் ஆசை உண்டு.

அந்த முதல் ஈதர்நெட்டின் வேகம் 2.94 எம்பிபிஎஸ். ஏன் ஒரு முழு எண்ணாக இல்லை? ஆல்ட்டோவின் உள்ளே இருந்த கடிகாரம் 170 நானோ விநாடிக்கு ஒரு முறை துடித்தது. இரண்டு துடிப்புக்கு ஒரு பிட் என்று வைத்தார்கள். கணக்குப் போட்டால் 2.94 வரும். யாரும் யாரிடமும் வேகத்தைக் கேட்க வேண்டியதில்லை. கம்பியில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே கடிகாரம், ஒரே வேகம்.

1980-இல் டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் மூன்று நிறுவனங்களும் சேர்ந்து 10 எம்பிபிஎஸ் என்று ஒரு பொது விதி வெளியிட்டன. 1983-இல் ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பு அதை 802.3 என்ற எண்ணில் தரமாக ஏற்றது. அப்போதும் எல்லோருக்கும் ஒரே வேகம்தான். கம்பி மட்டும் விரல் தடிமனில் இருந்தது. பிறகு மெல்லிய கருப்புக் கோஆக்ஸியல் கம்பி வந்தது. வங்கிக் கிளைகளைக் கணினிமயமாக்கிய காலத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அது நினைவிருக்கும். ஒவ்வொரு கணினியின் பின்னாலும் டி வடிவத்தில் ஓர் இணைப்பு, வரிசையின் இரு கடைசியிலும் மூடி போல ஒரு டெர்மினேட்டர். பெருக்குகிறவர் துடைப்பம் பட்டு ஒரு டி கழன்றால் கிளை முழுவதும் நின்றுவிடும். கவுன்டரில் நிற்கும் வாடிக்கையாளர் நம்மைத்தான் முறைப்பார்.

அந்தத் தொல்லையைத் தீர்த்தது 1990-இல் வந்த 10பேஸ்-டி என்ற தரம். நம் வீட்டுச் சுவருக்குள் இன்று இருக்கும் கம்பியின் தலையெழுத்து அந்த ஆண்டில்தான் எழுதப்பட்டது. அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

அமெரிக்க அலுவலகக் கட்டடங்களில் டெலிபோனுக்காக முறுக்கிய செப்புக் கம்பிகள் ஏற்கெனவே சுவருக்குள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு கேபிளுக்குள் எட்டுக் கம்பி, இரண்டிரண்டாக முறுக்கிய நாலு ஜோடி. இதையே கணினிக்கும் பயன்படுத்தினால் புதிதாக இழுக்க வேண்டியதில்லை என்பது யோசனை. 10 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும். அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று. எட்டு ஊசி உள்ள ஆர்ஜே45 பிளக்கில் 1, 2 ஒரு ஜோடி. 3, 6 இன்னொரு ஜோடி. மூன்றுக்கு அடுத்து நான்கை விட்டு ஆறுக்குத் தாவியிருக்கிறார்களே என்று தோன்றுகிறதல்லவா? நடுவில் இருக்கும் 4, 5 டெலிபோனுக்கு உரிய இடம். அதைத் தொடாமல் விட்டார்கள். 7, 8 சும்மா கிடந்தது. எட்டில் நாலுக்குத்தான் வேலை, மீதி நாலு உபரி.

அந்த உபரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறது.

அதே 1990-இல் கல்பனா என்ற பெயருள்ள ஒரு சிறு அமெரிக்க நிறுவனம் ஏழு போர்ட் கொண்ட ஈதர்நெட் ஸ்விட்ச் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இந்திய வம்சாவளியைச் சேர்ந்த வினோத் பரத்வாஜ் அதை நிறுவிய இருவரில் ஒருவர். கல்பனா அவருடைய மனைவியின் பெயர். 1994-இல் சிஸ்கோ அந்த நிறுவனத்தை வாங்கிவிட்டது. ஸ்விட்ச் வந்ததும் பொதுக் கம்பி போய், ஒவ்வொரு கணினிக்கும் தனிக் கம்பி என்றாயிற்று. தனிக் கம்பியில் இரண்டே பேர். அனுப்ப ஒரு ஜோடி, வாங்க ஒரு ஜோடி தனித்தனியாக இருப்பதால் இருவரும் ஒரே சமயத்தில் பேசலாம், மோதல் வராது. இதற்கு ஃபுல் டூப்ளெக்ஸ் என்று பெயர். பழைய முறையில் ஒருவர் பேச மற்றவர் கேட்பது ஹாஃப் டூப்ளெக்ஸ்.

1995-இல் 100 எம்பிபிஎஸ் வந்தது. அதே பிளக், அதே 1, 2, 3, 6 ஊசிகள். இப்போது சிக்கல் ஆரம்பம். ஒரே மாதிரி துளையில் ஒரே மாதிரி பிளக்கைச் செருகுகிறீர்கள். எதிரில் இருப்பது 10-ஆ, 100-ஆ? ஹாஃபா, ஃபுல்லா? வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கம்பிகள் பேசிக்கொள்ள வேண்டிய கட்டாயம் அப்போதுதான் வந்தது.

அதற்கு நேஷனல் செமிகண்டக்டர் என்ற சிப் நிறுவனம் என்வே என்ற பெயரில் கொண்டுவந்த வழி எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. பழைய 10 எம்பிபிஎஸ் கார்டுகள் சும்மா இருக்கும்போது சுமார் 16 மில்லி விநாடிக்கு ஒரு முறை கம்பியில் ஒரு சின்னத் தட்டுத் தட்டும். 'நான் இருக்கிறேன்' என்பதற்கு அடையாளமாக. புது முறையில் அந்த ஒரு தட்டுக்குப் பதிலாக, சுமார் இரண்டு மில்லி விநாடிக்குள் 17 முதல் 33 தட்டுகள். அதில் 17 தட்டு தாளம் போடுவதற்கு. அவற்றுக்கு இடையில் உள்ள 16 இடங்களில் தட்டு இருந்தால் ஆம், இல்லாவிட்டால் இல்லை. ஆக 16 கட்டம் உள்ள ஒரு படிவம். 'எனக்கு 10 தெரியும், 100 தெரியும், ஃபுல் டூப்ளெக்ஸும் தெரியும்' என்று இரண்டு பக்கமும் படிவத்தைப் பூர்த்தி செய்து மாற்றிக்கொள்கின்றன. இருவருக்கும் பொதுவாகத் தெரிந்தவற்றில் மேலானது எதுவோ அதில் வேலை தொடங்குகிறது. இந்த மொழி தெரியாத பழைய கார்டுக்கோ அது 'நான் இருக்கிறேன்' என்ற பழைய தட்டு போலவே கேட்கும். புதிதாக வந்தவன் பழையவனைச் சங்கடப்படுத்தாமல் நடந்துகொள்ளும் ஏற்பாடு. அந்த ஆண்டின் 802.3யு தரத்தில் இது சேர்ந்துவிட்டது. பொதுப் பெயர் ஆட்டோ நெகோஷியேஷன்.

ஏட்டில் அழகாக இருந்தது நடைமுறையில் தடுமாறியது. 1995-இல் எழுதிய விதியை ஒவ்வொரு நிறுவனமும் தங்களுக்குப் புரிந்தபடி செய்தார்கள். ஒருவர் கார்டும் இன்னொருவர் ஸ்விட்சும் ஒத்துப்போகவில்லை. வெறுத்துப்போன பராமரிப்பாளர்கள் பேச்சுவார்த்தையே வேண்டாம் என்று அணைத்துவிட்டு, '100, ஃபுல் டூப்ளெக்ஸ்' என்று கையால் பூட்டிவைக்கும் பழக்கத்துக்குப் போனார்கள். 1998-இல் விதியைத் திருத்திச் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் பழக்கம் போகவில்லை. இன்றும் வேகம் குறைகிறது என்று கூப்பிட்டால் வருகிறவர் முதலில் கார்டின் அமைப்பைத் திறந்து ஆட்டோவை எடுத்துவிட்டு ஒரு வேகத்தைப் பூட்டிவைப்பதைப் பார்க்கலாம். என் கருத்தைக் கேட்டால், இது வைத்தியமே இல்லை, இன்னொரு வியாதி.

ஏன் என்றால், ஒரு முனையைப் பூட்டிவிட்டால் அது வாயை மூடிக்கொள்ளும், படிவம் அனுப்பாது. எதிர் முனை இன்னும் ஆட்டோவில் இருக்கிறது. அது காத்திருந்து பார்க்கும். படிவம் வராது. கம்பியில் வரும் மின்னலையின் வடிவத்தை வைத்து 100 என்று வேகத்தை மட்டும் கண்டுபிடித்துவிடும். டூப்ளெக்ஸைக் கண்டுபிடிக்க வழியில்லை. விதி என்ன சொல்கிறது என்றால், தெரியாவிட்டால் பழைய ஆளாக நினைத்து ஹாஃப் என்று வைத்துக்கொள். ஆக ஒரு முனை ஃபுல், மற்ற முனை ஹாஃப். ஒருவர் எப்போது வேண்டுமானாலும் பேசுகிறார். மற்றவர் 'என் பேச்சின் குறுக்கே பேசுகிறாரே' என்று ஒவ்வொரு முறையும் நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பிக்கிறார்.

இதன் அறிகுறி விசித்திரமானது, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு எரியும். 100 என்றே காட்டும். பிங் போட்டால் ஒழுங்காகப் பதில் வரும், மின்னஞ்சல் திறக்கும். பெரிய கோப்பை இறக்கும்போதோ வீடியோ கூட்டத்திலோதான் நொண்டியடிக்கும். கொஞ்சமாகப் பேசும்போது மோதல் இல்லை, நிறையப் பேசும்போதுதான் மோதல். இரண்டு முனையும் பூட்டப்பட்டு ஒத்திருந்தால் ஓடும். ஆனால் நாளை பெட்டி மாறும்போது அந்தப் பூட்டு யாருக்கும் நினைவிருக்காது.

1999-இல் 1000 எம்பிபிஎஸ், அதாவது ஜிகாபிட், சாதாரணக் கம்பிக்கு வந்தது. ஒரு ஜோடியில் இவ்வளவும் அனுப்ப முடியாது. அதனால் 1990-இலிருந்து சும்மா கிடந்த அந்த நாலு கம்பியையும் வேலைக்கு எடுத்தார்கள். நாலு ஜோடி, ஒவ்வொன்றிலும் 250, அதுவும் இரண்டு திசையிலும் ஒரே சமயத்தில். தன் குரலின் எதிரொலியைத் தானே கழித்துவிட்டு எதிராளியின் குரலை மட்டும் கேட்கும் வித்தை இதில் இருக்கிறது. யார் தாளம் போடுவது, யார் பின்பற்றுவது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும். இதனால் ஜிகாபிட்டில் ஆட்டோ நெகோஷியேஷன் விருப்பத்துக்கு விட்ட விஷயம் இல்லை, கட்டாயம்.

ஆனால் பேச்சுவார்த்தை நடப்பது எங்கே? பழைய இரண்டு ஜோடியில்தான். 1, 2 மற்றும் 3, 6. இங்கேதான் நம் வீடுகளின் பிரச்சினை ஒளிந்திருக்கிறது. இரண்டு கார்டும் பழைய ஜோடிகளில் பேசி '1000' என்று சந்தோஷமாக ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. வேலை தொடங்கினால் 4, 5 அல்லது 7, 8-இல் ஆள் இல்லை. இணைப்பு விழுகிறது. மறுபடி பேச்சு, மறுபடி ஒப்பந்தம், மறுபடி விழுகிறது. விளக்கு அணைந்து அணைந்து எரியும். கொஞ்சம் புத்திசாலியான சிப் என்றால் சில முறை முயன்றுவிட்டு, 'சரி, நாலு கம்பியில் ஓடக்கூடிய 100 போதும்' என்று இறங்கிவிடும். உங்களுக்கு எந்தச் செய்தியும் வராது. 94 மட்டும் வரும்.

ஆள் ஏன் இல்லை? நம் ஊரில் பரவலான காரணம் ஒன்று உண்டு. 10-உம் 100-உம் இருந்த காலத்தில் உபரி நாலு கம்பியை வீணாக்குவானேன் என்று ஒரே கேபிளில் இரண்டு இணைப்பு இழுத்தார்கள். நாலு கம்பி இணையத்துக்கு, மீதி நாலு கேமராவுக்கோ இன்டர்காமுக்கோ பக்கத்து அறைக்கோ. அன்றைக்கு அது சிக்கனம், தவறும் இல்லை. ஜிகாபிட் வந்ததும் அதே சிக்கனம் 94-இல் கட்டிப்போட்டுவிட்டது. இரண்டாவது காரணம், கிரிம்ப் செய்யும்போது எட்டில் ஒரு கம்பி ஊசியைத் தொடாமல் விட்டுப்போவது. அல்லது நிறங்களை மாற்றி முறுக்கு ஜோடியைப் பிரித்துவிடுவது. பேட்ச் கார்டை அலமாரிக்குப் பின்னால் மடக்கி நசுக்குவதையும் இதில் சேர்க்கலாம். மூன்றாவது, செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பியைக் கேட்6 என்று அச்சிட்டு மலிவாக விற்பது. வாங்கும்போது முழுச் செம்புதானா என்று கேளுங்கள்.

கேபிளே குற்றவாளி என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். ஃபைபர் இணைப்புக்காகத் தரப்படும் பெட்டிகளில் சிலவற்றில் நாலு போர்ட்டில் ஒன்றுதான் ஜிகாபிட், மற்ற மூன்றும் 100. தப்பான துளையில் செருகியிருந்தால் ஆயிரம் ரூபாய்க் கேபிள் போட்டாலும் 94தான். சோதிக்க வருகிறவர் கொண்டுவரும் பழைய மடிக்கணினியின் கார்டே 100-ஆக இருக்கலாம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தக் கதையின் கடைசி அத்தியாயம் 2016. வைஃபை ஒரு ஜிகாபிட்டைத் தாண்ட ஆரம்பித்தது. சுவருக்குள் இருக்கும் கேபிளை மாற்றாமல் வேகம் கூட்ட வேண்டும் என்று 2.5 மற்றும் 5 ஜிகாபிட் தரம் வந்தது. 802.3பிஇசட் என்று எண். ஃபயர்வால் பெட்டிக்காக வாங்கும் சின்னக் கணினிகளில் இப்போது பெரும்பாலும் 2.5 ஜிகாபிட் கார்டுதான் வருகிறது. இதில் இரண்டு விஷயம் உண்டு. 10 ஜிகாபிட் தரம் அதற்குப் பத்தாண்டு முன்பே, 2006-இல், வந்துவிட்டது. அந்தக் காலத்து 10 ஜிகாபிட் கார்டுக்கு 10 தெரியும், 1 தெரியும், நடுவில் உள்ள 2.5 தெரியாது. எதிரில் 2.5 பெட்டி இருந்தால் இரண்டுக்கும் பொதுவான மேல் வேகம் 1 தான். பெரிய கார்டு வாங்கியும் வேகம் வரவில்லையே என்று குழம்ப வேண்டாம், படிவத்தில் அந்தக் கட்டமே இல்லை. இரண்டாவது, இன்டெலின் ஐ225 என்ற 2.5 கார்டின் ஆரம்பப் பதிப்புகளில், பொட்டலங்களுக்கிடையே விட வேண்டிய இடைவெளியில் குறை இருந்தது. சில ஸ்விட்சுகளோடு 2.5-இல் ஓடும்போது பொட்டலங்கள் தவறின. இன்டெல் அதை ஒப்புக்கொண்டு பிந்தைய பதிப்பில் திருத்தியது. பழைய பதிப்பு கையில் இருந்தால் 1 ஜிகாபிட்டில் ஓட்டுவதே அப்போது சொல்லப்பட்ட வழி. செகண்ட் ஹேண்ட் பெட்டி வாங்கியவர்கள் கார்டின் பதிப்பைப் பாருங்கள்.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். சோதனைக்கு வைஃபையை நம்பாமல் கணினியைக் கம்பியில் இணைத்துக்கொள்ளுங்கள். ஃபயர்வால் பெட்டி வைத்திருந்தால் அதன் நிர்வாகப் பக்கத்தில் இன்டர்ஃபேஸ் நிலை காட்டும் இடம் இருக்கும். வெளிக் கார்டு, உள் கார்டு இரண்டுக்கும் எதிரில் மீடியா என்று போட்டு 1000பேஸ்-டி ஃபுல் டூப்ளெக்ஸ் என்றோ 100பேஸ்-டிஎக்ஸ் என்றோ காட்டும். லினக்ஸ் பெட்டி என்றால் ஈத்டூல் என்ற கட்டளை அதையே சொல்லும். சாதாரண ரூட்டரிலும் லேன் நிலை என்ற பக்கத்தில் பார்க்கலாம். போர்ட்டின் விளக்கு நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பச்சைக்கும் ஆரஞ்சுக்கும் ஒவ்வொரு நிறுவனமும் ஓர் அர்த்தம் வைத்திருக்கிறது.

எந்தக் கம்பி 100 காட்டுகிறதோ அதன் இரு முனையிலும் வேக அமைப்பு ஆட்டோவில் இருக்கிறதா என்று பார்த்து, யாராவது பூட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள். பிறகு அங்கே நன்றாக ஓடும் வேறு ஒரு சிறிய பேட்ச் கார்டைப் போடுங்கள். 1000 வந்துவிட்டால் வேலை முடிந்தது, செலவு நூற்றுச் சொச்சம் ரூபாய். வராவிட்டால் அடுத்த போர்ட்டில் செருகுங்கள். கேஷ் டேலி ஆகாதபோது வவுச்சர்களை ஒவ்வொன்றாக ஒதுக்கிப் பார்ப்போமே, அதே முறைதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். கேபிள், போர்ட், கார்டு மூன்றில் குற்றம் எதோடு நகர்கிறது என்று பாருங்கள். மூன்றையும் ஒன்றாக மாற்றினால் சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது, அடுத்த முறை மறுபடி ஆரம்பத்திலிருந்து வர வேண்டும். நிர்வாகப் பக்கத்திலேயே பிழை எண்ணிக்கை என்று ஒன்று இருக்கும். ஒரு பெரிய கோப்பை இறக்கிவிட்டு அந்த எண் ஏறுகிறதா என்று கவனியுங்கள். ஏறாமல் அப்படியே நின்றால் கம்பி ஆரோக்கியம்.

எல்லாக் கம்பியும் 1000 ஃபுல் டூப்ளெக்ஸ் காட்டி, பிழையும் ஏறாமல், வேகம் மட்டும் வரவில்லை என்றால் கார்டை விட்டுவிடுங்கள். பயனர் பெயர், கடவுச்சொல் கேட்கும் பிபிபிஓஇ வகை இணைப்பில் பழைய சின்னப் பெட்டியின் பிராசஸரே மூச்சு வாங்கும். அல்லது நிறுவனத்தின் பக்கமே குறை இருக்கலாம். அப்போது நீங்கள் அவர்களிடம் 'என் பக்கம் ஜிகாபிட், பிழை பூஜ்யம்' என்று எழுத்தில் சொல்ல முடியும். அந்த வரி இருந்தால் புகாரை அவ்வளவு எளிதில் தள்ள முடியாது.

சோதனை முடிந்து சுவருக்குள் இருக்கும் கேபிள்தான் காரணம் என்று தெரிந்தாலும், கொத்துவதற்கு முன் இரண்டு முனையிலும் உள்ள பெட்டிகளைத் திறந்து பாருங்கள். எட்டுக் கம்பியும் ஒரே பிளக்குக்குள் போகிறதா, நாலு வேறெங்காவது திரும்புகிறதா? திரும்பினால் சுவருக்குள் இருக்கும் கேபிள் நல்ல கேபிளாகவே இருக்கலாம். அந்த நாலில் ஓடும் கேமராவுக்கோ இன்டர்காமுக்கோ மாற்று வழி செய்துவிட்டு, எட்டையும் ஒரே பிளக்கில் சேர்த்துப் புதிதாக கிரிம்ப் செய்தால் போதும். கேபிளே போய்விட்டது என்றாலும் சுவரை உடைக்கத் தேவையில்லாமல் இருக்கலாம். கன்ட்யூட் பைப் வழியாகப் பழைய கேபிளின் வாலில் புதியதைக் கட்டி இழுக்க முடியுமா என்று வருகிறவரிடம் முதலில் கேளுங்கள். வேலை முடிந்ததும் எட்டு விளக்கு உள்ள கேபிள் டெஸ்டரை இரண்டு முனையிலும் மாட்டச் சொல்லி, ஒன்று முதல் எட்டு வரை வரிசையாக எரிவதை நின்று பார்த்துவிட்டு, ஃபயர்வால் பக்கத்தில் 1000 வந்ததையும் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.